விக்டோரியா காலச் சித்திரங்களிலிருந்து இன்றைய வடிவமைப்பாளர் எதை எடுத்துக்கொள்ளலாம்?

நீர்க்கோழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏரி, குளங்களில் காணப்படும் பறவைகளைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்தும் 64 பக்க நூல் ஒன்றை வடிவமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். பதிப்பாளரின் செலவுக் கணக்குப்படி கறுப்பு மை மட்டும்தான். தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது மேற்பூச்சில்லாத சாதாரண அச்சுத்தாள். அந்தத் தாளில் ஒளிப்படங்களை அச்சிட்டால் நடுச்சாயல்கள் கலங்கி, நாரையின் இறகும் அதன் பின்னாலிருக்கும் நீரும் ஒரே சாம்பலாகிவிடும் என்பதால், கோட்டுச் சித்திரங்களையே நாடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்மாதிரியாக 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நூல்களையும் இதழ்களையும் பார்த்துவருகிறேன். பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் ஃபிளிக்கர் தளத்தில் வெளியிட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய நூற்படங்கள் எனக்குப் பெரிய புதையலாக அமைந்தன.

ஆனால் "விக்டோரியா பாணி" என்ற பெயரில் இன்று புழங்கும் வடிவமைப்புகளைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. கொடி சுற்றிய சட்டகம், பழுப்பேறிய தாளின் சாயல், பற்சக்கரங்கள், நீண்ட தொப்பி அணிந்த கனவான் ஆகியவற்றோடு அந்தப் பாணி முடிந்துவிடுகிறது. பழைய படங்களை நேரில் பார்க்கும்போது ஏற்படும் ஈர்ப்புக்கும் இந்த மேற்பூச்சுக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்கிறேன். அந்தச் சித்திரங்களில் உண்மையிலேயே எடுத்துக்கொள்ளத்தக்கது எது? ஒளிப்படத்தைக் கோடுகளாக மாற்றித் தரும் மென்பொருள் வடிப்பான்களைக் கொண்டே அந்த விளைவைப் பெற முடியுமா? துறையில் இருப்பவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

செதுக்குளி எழுதியது:

நண்பருக்கு, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: முடியாது. ஏன் முடியாது என்பதை விளக்கினால் முதல் கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நீங்கள் பார்த்த படங்களில் பெரும்பாலானவை மரக்கட்டையில் செதுக்கப்பட்டவை. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தியால் வெட்டுவது பழைய முறை. இது அதுவன்று, மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் உலோகச் செதுக்கர்களின் நுண்ணுளியால் கீறுவது. மெதுவாக வளர்ந்து இறுகும் பாக்ஸ்வுட் மரமே இதற்கு உகந்தது. நியூகாசிலில் உலோகச் செதுக்குப் பட்டறை ஒன்றில் தொழில் பழகிய தாமஸ் பீவிக் (1753–1828) இந்த முறையை ஒரு கலையாக உயர்த்தினார். அவர் விக்டோரியா அரசியின் ஆட்சிக்கு முன்பே மறைந்தவர் என்றாலும், அந்தக் காலத்தின் சித்திரத்தொழில் முழுவதும் அவருடைய அடித்தளத்தின் மீதுதான் எழுந்தது. பறவை நூல் செய்யும் நீங்கள் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பிரிட்டனின் பறவைகளைப் பற்றி அவர் வெளியிட்ட இரு தொகுதிகளில், 1804இல் வந்த இரண்டாவது தொகுதி முழுக்க நீர்ப்பறவைகளைப் பற்றியது.

மரக்கட்டையில் உளி பட்ட இடம் வெள்ளையாகவும் படாத இடம் கறுப்பாகவும் அச்சாகும். எனவே பீவிக் கறுப்புத் தளத்திலிருந்து ஒளியை வெட்டியெடுப்பவராகச் சிந்தித்தார். அவருடைய பறவைகளின் முதுகில் ஒவ்வோர் இறகும் ஒரு வெண்கீற்று. உளியைச் சற்று ஆழமாக அழுத்தினால் கீற்று அகலும், தளர்த்தினால் மெலியும். அந்த அழுத்த வேறுபாட்டிலேயே உருண்டை, மென்மை, ஈரம் எல்லாம் வந்துவிடுகின்றன. தூரத்துக் காட்சி மங்கலாகத் தெரிய வேண்டிய இடங்களில் கட்டையின் மேற்பரப்பையே அவர் சிறிது சுரண்டித் தாழ்த்தினார். அங்கே அழுத்தம் குறைவாக விழுவதால் மை வெளிறி அச்சாகும்.

லண்டனில் தொழில் பெருகியபோது முறை மாறியது. 1842 மே 14 அன்று 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழின் முதல் இதழ் 16 பக்கங்களில் 32 மரச்செதுக்குப் படங்களோடு வந்தது. வாரந்தோறும் அத்தனை படங்களைத் தர வேண்டுமானால் ஓவியரே செதுக்கிக்கொண்டிருக்க முடியாது. ஓவியர் கட்டையின் மேல் பென்சிலாலோ பேனாவாலோ வரைந்தார். டால்ஸியல் சகோதரர்களுடையது போன்ற பட்டறைகளில் இருந்த செதுக்கர்கள் அந்தக் கறுப்புக் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு நடுவிலிருந்த வெள்ளையை எல்லாம் அகற்றினார்கள். பேனாவுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிடுவது ஒரு நொடி வேலை. செதுக்கருக்கோ அந்தக் கோடுகளுக்கிடையே சிக்கிய ஒவ்வொரு சிறு சாய்சதுரத்தையும் தனித்தனியாகத் தோண்டியெடுக்கும் வேலை. டெனிசனின் கவிதைகளுக்கு 1857இல் வந்த சித்திரப் பதிப்பில் தம் படங்களை டால்ஸியல் பட்டறை செதுக்கிய விதம் ஓவியர் ரோசெட்டிக்குக் கசப்பை ஏற்படுத்தியதும், ஒரு கையின் கோட்டை இன்னொரு கை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்த இந்த ஏற்பாட்டினால்தான்.

இப்போது வடிப்பானுக்கு வருகிறேன். அது ஒளிப்படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் அளந்து, ஒரே கோணத்தில் ஓடும் கோடுகளைப் பருமனாக்கியும் மெலிதாக்கியும் நிரப்புகிறது. இறகு எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. செதுக்கரின் கோடு ஒரே வேளையில் நிழலாகவும் வடிவமாகவும் பொருளின் தன்மையாகவும் இருக்கிறது: வானத்துக்கு நேர்க்கோடு, நீருக்கு அலைபாயும் கிடைக்கோடு, கொக்கின் காலுக்குக் குறுகிய வளைகீற்று. எந்தக் கோடு எந்தப் பொருளுக்கு என்று நீங்களே தீர்மானிக்கும் அந்த வேலையைத்தான் விக்டோரியா காலத்திடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். அலங்காரச் சட்டகங்களை அந்தக் காலத்தின் தூசி என்று ஒதுக்கிவிடலாம்.

பூவேலை எழுதியது:

செதுக்குளி ஐயா, கோட்டைப் பற்றி நீங்கள் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன்; அலங்காரத்தைத் தூசி என்று ஒதுக்கியதை மட்டும் ஏற்க இயலவில்லை. நான் துணி வடிவமைப்பில் இருக்கிறேன், அலங்காரத்தைப் பற்றி விக்டோரியா காலத்தவர் அளவுக்குக் கடுமையாகத் தமக்குள் வாதிட்டுக்கொண்டவர்கள் குறைவு என்று கருதுகிறேன்.

1851ஆம் ஆண்டு ஹைட் பார்க்கில் நடந்த பெருங்கண்காட்சியில் இந்தியாவிலிருந்து சென்ற துணிகளும் கம்பளங்களும் கைவினைப் பொருள்களும் வைக்கப்பட்டிருந்தன. பிரிட்டிஷ் ஆலைகளின் கம்பளங்களில் அப்போது நிழலோடும் புடைப்போடும் ரோஜாக்கள் பூத்திருந்தன. தரையில் காலடி வைக்கும் இடத்தில் உருண்டு திரண்ட பூ எதற்கு என்ற கேள்வியை ஹென்றி கோல், ஓவன் ஜோன்ஸ் போன்ற வடிவமைப்புச் சீர்திருத்தக்காரர்கள் உரக்க எழுப்பினார்கள். இந்தியத் துணிகளில் பூ தட்டையாக, பரப்போடு பரப்பாக, இடைவெளியும் ஒழுங்கும் கொண்டு அமைந்திருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அடுத்த ஆண்டே மார்ல்பரோ மாளிகையில் தொடங்கிய அருங்காட்சியகத்தில், இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தொடக்க வடிவத்தில், தவறான அலங்காரத்துக்கு எடுத்துக்காட்டாக அன்றைய பிரிட்டிஷ் பொருள்களையே காட்சிக்கு வைத்தார் கோல்.

ஓவன் ஜோன்ஸ் 1856இல் வண்ணக் கல்லச்சில் வெளியிட்ட அலங்கார இலக்கண நூலில் 100 படத்தாள்கள் இருந்தன; அவற்றில் இந்திய அலங்காரங்களுக்கும் இடம் இருந்தது. அந்த நூலின் தொடக்கத்தில் அவர் வகுத்த விதிகளுள் ஒன்றின் கருத்து, கட்டமைப்பை அலங்கரிக்கலாம், ஆனால் அலங்காரத்துக்காகவே ஒரு கட்டமைப்பை உருவாக்கக் கூடாது என்பது. நீர்க்கோழி அவர்களை வருத்திய கொடிச் சட்டகம் இந்த விதியின்படியே தவறு. பக்கத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் ஒரு பறவையின் பகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்டும் தலைக்கோலம், அட்டவணையின் வரிசைகளைப் பிரிக்கும் சிறு கோரைப்புல் வரிசை போன்றவை வேலை செய்யும் அலங்காரங்கள். நாணலும் தாமரையிலையும் உங்கள் நூலின் பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை நிழலின்றித் தட்டையாக்கி ஒரு கோலமாக அமைத்தால், இறகும் நீருமாக நுணுக்கம் நிறைந்த பறவைப் படத்தோடு அவை போட்டியிடாமல் நிற்கும்.

அச்சகத்தான் எழுதியது:

இருவருடைய வாதமும் அச்சு இயந்திரத்தைக் கடந்துதான் வாசகரிடம் போக வேண்டும் என்பதால், அது குறித்துச் சில சொல்கிறேன்.

மரச்செதுக்குப் படங்கள் அந்தக் காலத்தில் வென்றதற்கு முதல் காரணம் அழகன்று. கட்டை, ஈய எழுத்தின் உயரத்திலேயே செய்யப்பட்டதால் எழுத்தோடு சேர்த்து ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே தடவையில் அச்சிட முடிந்தது. செப்புத்தகட்டுப் படங்களைத் தனி இயந்திரத்தில் தனித் தாளில் அச்சிட்டு நூலுக்குள் ஒட்டவோ தைக்கவோ வேண்டியிருந்தது. படமும் வரியும் ஒரே பக்கத்தில் கலந்து வாழத் தொடங்கியது இந்த எளிய உயரப் பொருத்தத்தினால்தான்.

இரண்டாவதாக, பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளர்வதில்லை. பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைத் திருகாணிகளால் இணைத்தார்கள். அவசரமென்றால் அவற்றைப் பிரித்து ஆளுக்கொன்றாகச் செதுக்கி மீண்டும் பூட்டினார்கள். அந்தக் கால இதழ்களின் பெரிய படங்களை உற்றுப் பார்த்தால், இணைப்பு விலகிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடுவதைக் காணலாம். பழைய படத்தை ஸ்கேன் செய்து பயன்படுத்துவோர் அந்தக் கோட்டைப் பிழையென்று அழித்துவிடுகிறார்கள். எனக்கு அதை அழிக்க மனம் வருவதில்லை, ஏனென்றால் பல கைகள் ஒரே இரவில் முடித்த வேலையின் தடம் அது.

உங்கள் நூலுக்கு வருகிறேன். மேப்லித்தோ மையை உறிஞ்சும். கோடு சற்றுப் பருக்கும், கோடுகளுக்கிடையே உள்ள வெள்ளை சற்றுக் குறையும். எனவே கறுப்புக் கோட்டின் மெலிவை விட வெள்ளை இடைவெளியின் மெலிவைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். அச்சளவைப் போல ஒன்றரை மடங்கில் வரைந்து குறைப்பது நல்ல பழக்கம். குறைத்த பிறகு எந்தக் கறுப்புக் கோடும் 0.25 புள்ளிக்கு (பாயிண்ட்) கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்யும்போது 1200 டிபிஐயில், கறுப்பு வெள்ளை மட்டுமுள்ள கோட்டுப்படமாக எடுங்கள். சாம்பல் படமாக எடுத்தால் அச்சுக்குப் போகும்போது ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் புள்ளித்திரை விழுந்து கூர்மை போய்விடும்.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். இந்தியச் சட்டப்படி நூல், ஓவியம் ஆகியவற்றின் பதிப்புரிமை, ஆக்கியவர் மறைந்த பின் 60 ஆண்டுகள், இங்கிலாந்தில் 70. பீவிக், 1901இல் மறைந்த கேட் கிரீனவே, 1914இல் மறைந்த டென்னியல் ஆகியோரின் படங்களுக்கு இப்போது தடையில்லை. ஆயினும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நிறுவனத்தின் நிபந்தனைகளைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

நீர்க்கோழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழைய படங்களை அப்படியே எடுத்து ஒட்டும் எண்ணம் எனக்கு இல்லை. நம் நீர்நிலைப் பறவைகளைப் புதிதாகவே வரையப்போகிறோம். படமும் வரியும் ஒரே பக்கத்தில் கலந்து வாழ்ந்தன என்று அச்சகத்தான் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. இதுவரை நான் இடப்பக்கம் படம், வலப்பக்கம் செய்தி என்றே திட்டமிட்டிருந்தேன். அந்தக் காலத்தவர் பக்கத்தை எப்படி அமைத்தார்கள் என்று யாரேனும் விளக்க முடியுமா?

எழுத்துருவன் எழுதியது:

பக்க அமைப்புக்குச் சிறந்த பாடம் லூயிஸ் கரோல் எழுதி 1865இல் வெளிவந்த 'ஆலிஸ்' சிறுவர் நூலில் இருக்கிறது. ஜான் டென்னியல் வரைந்து டால்ஸியல் சகோதரர்கள் செதுக்கிய 42 படங்களில் முழுப்பக்கம் பிடிப்பவை மிகக் குறைவு. மற்றவை வரிகளுக்கிடையே நுழைகின்றன. சில படங்களின் ஒரு பகுதி உயர்ந்தும் ஒரு பகுதி தாழ்ந்தும் இருக்க, அந்த வெற்றிடத்தில் வரிகள் வந்து நிரம்புகின்றன. 1871இல் வந்த இரண்டாம் நூலில், கண்ணாடிக்குள் ஆலிஸ் நுழையும் படம் ஒரு தாளின் முன்பக்கத்திலும், அவள் மறுபுறம் வெளிப்படும் படம் அதே தாளின் பின்பக்கத்திலும் அமைந்திருக்கிறது. வாசகர் தாளைப் புரட்டும்போது அந்தத் தாளே கண்ணாடியாகிவிடுகிறது. முக்குளிப்பான் நீருக்குள் மூழ்குவதும் எழுவதும் உங்கள் நூலில் வருமானால், தாளின் இரு பக்கங்களையும் இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதற்பதிப்பில் படங்கள் அச்சான விதம் டென்னியலுக்குப் பிடிக்காமல் போனதால் 2,000 படிகள் கொண்ட அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டு மறுபடி அச்சிடப்பட்டது என்பது பலரும் அறிந்த செய்தி. ஒரு சித்திரக்காரர் தம் கோட்டின் கருமைக்காக அவ்வளவு உறுதியாக நின்றதும், ஆசிரியர் அதற்கு இசைந்ததும் எனக்கு மிகுந்த மரியாதையை ஏற்படுத்துகின்றன. அசல் கட்டைகளிலிருந்து மின்முலாம் முறையில் உலோகப் படிகள் எடுத்து அவற்றைக் கொண்டே அச்சிட்டார்கள். அதனால் கட்டைகள் தேயாமல் தப்பி, 1985இல் லண்டனில் ஒரு வங்கியின் பாதுகாப்பறையில் கண்டெடுக்கப்பட்டன.

அடுத்தது எழுத்தின் நிறம். ஒரு பத்தியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அது ஒரு சாம்பல் பரப்பாகத் தெரியும். அருகிலுள்ள படத்தின் சாம்பலும் அதே அடர்த்தியில் இருந்தால் பக்கம் ஒன்றுபடும். வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1891இல் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் இதையே நோன்பாகக் கொண்டார். 1896இல் அவர் முடித்த, கவிஞர் சாசரின் படைப்புகளின் பதிப்பில் பர்ன்-ஜோன்ஸின் 87 படங்களும் ஓரக்கோலங்களும் எழுத்தும் ஒரே கனத்தில் நிற்கின்றன. தமிழ் எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் மிகுதி. மெல்லிய நவீன எழுத்துருவைத் தேர்ந்தால் பத்தி வெளிறி, செதுக்குப் பாணிப் படத்தின் அருகே நிற்க முடியாமல் தோற்கும். மிகத் தடித்ததைத் தேர்ந்தால் சுழிகள் மையால் அடைபடும். தடிப்பு மெலிவு வேறுபாடு அதிகமில்லாத, நடுத்தரக் கனமுள்ள எழுத்துருவை எடுத்து, ஒரு மாதிரிப் பக்கத்தை அச்சிட்டுப் பார்த்தபின் படத்தின் கோட்டுக் கனத்தைத் தீர்மானியுங்கள். வழக்கமாகப் படத்தை முதலில் முடித்துவிட்டு எழுத்துருவைத் தேடுகிறோம். இங்கே வரிசையை மாற்றுவதே சரி.

செதுக்குளி அவர்களின் வாதத்தோடு ஓர் இடத்தில் வேறுபடுகிறேன். ஓவியர் பியர்ட்ஸ்லியை (1872–1898) அவர் விட்டுவிட்டார். 1890களில் ஒளிப்பட முறையில் துத்தநாகத் தகட்டில் லைன் பிளாக் (கோட்டுப்பட அச்சுக்கட்டை) எடுக்கும் வழக்கம் பரவியதும், செதுக்கரின் கை இடையில் இல்லாமல் ஓவியரின் கோடு நேரே அச்சேறியது. பியர்ட்ஸ்லி அந்த முறைக்காகவே வரைந்தார்: நிழற்கோடுகளைக் கைவிட்டு, பெரிய கறுப்புப் பரப்புகளையும் மயிரிழைக் கோடுகளையும் வெறுமையையும் எதிரெதிராக நிறுத்தினார். அதுவும் விக்டோரியா காலத்தின் சொத்துதான். குறைந்த கோடுகளில் நிறைய சொல்ல வேண்டிய சிறுவர் நூலுக்கு அவரிடமும் கற்க வேண்டியது உண்டு.

தாவரநிழல் எழுதியது:

இந்த இழை இங்கிலாந்திலேயே நின்றுவிடாமல் இருக்க ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். விக்டோரியா காலச் சித்திரம் முழுவதும் லண்டனில் உருவானதன்று. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிக்கொண்டே 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களுக்கான மாபெரும் படத்தொகுதியைச் சென்னையில் கல்லச்சில் வெளியிட்டார். 2,000க்கும் மேற்பட்ட படத்தாள்கள் கொண்ட அந்தத் தொகுதிக்கான சித்திரங்களின் பெரும்பகுதியை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். நம் காலத்தில் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி அவர்களுடைய மூல ஓவியங்களை ஆராய்ந்து நூலாக வெளிக்கொணர்ந்தார். கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார்.

அந்தப் படத்தாள்களில் இலை, மொட்டு, பூவின் குறுக்குவெட்டு, விதை ஆகியவை ஒரே தாளில், வெவ்வேறு அளவில், பின்னணி ஏதுமின்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த அமைப்பு பறவை நூலுக்கும் பொருந்தும்: முழுப் பறவை, அதன் கீழே அலகு, விரலிடைச் சவ்வு, முட்டை. சிறுவர்கள் நீர்நிலைக்குப் போகும்போது அடையாளம் காண உதவுவது அழகிய காட்சியை விட இந்தப் பிரிவுப் படங்களே. மேலும், உங்கள் நூலில் வரைபவரின் பெயரைப் படத்தின் அடியிலேயே அச்சிடுங்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். டால்ஸியல் பட்டறையில் உழைத்த எத்தனையோ செதுக்கர்களின் வேலை பட்டறையின் கையொப்பத்துக்குள் கரைந்துபோனது. அந்தக் காலத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடாத வழக்கம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

செதுக்குளி எழுதியது:

எழுத்துருவன் பியர்ட்ஸ்லியை நினைவூட்டியது நல்லது. ஆனால் இறகின் மென்மையைச் சிறுவருக்குக் காட்ட வேண்டிய நூலில் அவருடைய வழி அட்டைப்படத்துக்குத்தான் பொருந்தும் என்று இன்னமும் கருதுகிறேன். உள்ளே பீவிக்கின் வழியே ஏற்றது. அவருடைய படங்களுக்குச் சட்டகம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பறவை நிற்கும் கரையும் புல்லும் ஓரத்தில் மெல்ல மெலிந்து தாளின் வெண்மையோடு கலந்துவிடும். எங்கே படம் முடிந்து எங்கே தாள் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வரிகள் படத்தை நெருங்கி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை.

நாமக்கோழியை வரைபவருக்கு ஒரு குறிப்பு. உடல் முழுதும் கறுப்பாகவும் நெற்றியும் அலகும் மட்டும் வெள்ளையாகவும் உள்ள அந்தப் பறவையைக் கறுப்புக் கோடுகளால் நிரப்ப முயன்றால் உருவம் ஒரு கறையாகிவிடும். கறுப்பு நிழலுருவை முதலில் நிரப்பிவிட்டு, அதன் மேல் வெள்ளைக் கீற்றுகளால் சிறகையும் விலாவையும் வரைந்தால் பறவை எழுந்து நிற்கும். கறுப்பு மேற்பூச்சைச் சுரண்டினால் அடியில் வெள்ளை தெரியும் ஸ்க்ரேப்பர் போர்டு அட்டை கிடைத்தால் அதில் சுரண்டியே செய்யலாம். கணினித் திரையிலும் வெள்ளைத் தூரிகையால் இதே முறையில் செய்யலாம்.

பூவேலை எழுதியது:

சட்டகம் வேண்டாம் என்பதில் நானும் உடன்படுகிறேன். பின்னாளில் இரண்டாவது வண்ணத்துக்கு வாய்ப்பு வந்தால் எட்மண்ட் எவன்ஸ் அச்சிட்ட நூல்களைப் பாருங்கள். கால்டெகாட், கிரீனவே, வால்டர் கிரேன் என்ற சிறுவர் நூல் ஓவியர்கள் மூவருக்கும் வண்ண மரக்கட்டைகள் செய்தவர் அவர். கோட்டுக் கட்டையின் படியில் ஓவியரே வண்ணம் தீட்டிக் கொடுக்க, அதைப் பார்த்து ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கட்டை செய்தார். மங்கலான, தட்டையான சில வண்ணங்களிலேயே அந்த நூல்கள் சிறுவர்களை ஈர்த்தன; கிரீனவே தாமே எழுதி வரைந்த முதல் நூலை 1879இல் 20,000 படிகள் துணிந்து அச்சிட்டார் எவன்ஸ்.

நீர்க்கோழி எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. எழுத்துருவை முதலில் தேர்ந்து, மேப்லித்தோவில் ஒரு மாதிரிப் பக்கம் அச்சிட்டு, அதன் கனத்துக்கேற்பக் கோட்டின் கனத்தை நிர்ணயிக்கப் போகிறோம். படங்கள் சட்டகமின்றி வரிகளுக்குள் இறங்கும். ஒவ்வொரு பறவைக்கும் அலகு, கால், முட்டை ஆகியவை தனியே கீழே வரும். பகுதித் தொடக்கங்களில் தட்டையான கோரைப்புல் கோலம் இருக்கும். முக்குளிப்பானுக்கு ஒரே தாளின் இரு பக்கங்களை ஒதுக்கிவிட்டேன். ஓவியரின் பெயரைப் படத்தடியில் இடுவதற்குப் பதிப்பாளரும் இசைந்துவிட்டார்.

நாமக்கோழியை இரண்டு முறைகளிலும் வரைந்து தருமாறு ஓவியரிடம் கேட்டிருக்கிறேன். முதல் 16 பக்கப் படிவத்தின் சோதனைத்தாள் வந்தவுடன் இங்கே இடுகிறேன். வெள்ளை இடைவெளிகள் எந்த அளவுக்கு அடைபட்டிருக்கின்றன என்பதை அச்சகத்தான் அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகே மீதிப் படங்களின் அளவை முடிவு செய்வோம்.